வத்தல் களத்தில் வாசித்த கொலைக்கதை

அரிவாள் வெட்டும், பாழடைந்த ஜமீன் மாளிகையும், சுவருக்குள் ஒளித்து வைத்த எலும்புக்கூடும் இல்லாத கதையை என்னால் பத்துப் பக்கத்துக்கு மேல் வாசிக்க முடியாது. நல்ல குடும்பக் கதை என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால் கொட்டாவிதான் வருகிறது. இந்த வயதில் இதென்ன ரசனை, படுத்தால் தூக்கம் வருமா என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். நன்றாக வருகிறது. கதையில் எத்தனை பேர் சாகிறார்களோ அத்தனைக்கு நல்ல தூக்கம். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். கமுதிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எட்டாவதோடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். மேலே படிக்க இராமநாதபுரத்தில் போய்த் தங்க வேண்டும், பொம்பளப் பிள்ளையை யார் அனுப்புவார்கள்? மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். நாலாவது நாள் பசித்தது, எழுந்து சாப்பிட்டுவிட்டு வத்தல் களத்துக்குப் போய்விட்டேன்.

எங்கள் அய்யாவுக்கு மானாவாரியாக நாலு ஏக்கர் மிளகாய். பழத்தைப் பறித்துக் களத்தில் காயப்போட்டு, வத்தலானதும் பனையோலைக் கொட்டகையில் குவிப்பார்கள். ஏழெட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து வெளுத்ததையும் விதையில்லாத சோடையையும் பொறுக்கி எடுப்பார்கள். தும்மலும் இருமலுமாக நாள் போகும். சந்தைக்குப் போகும்போது அய்யா எனக்கு வாராவாரம் ஒரு மட்டக் காகிதப் புத்தகம் வாங்கி வருவார். அதில் ஒரு தொடர்கதை. படிப்பை நிறுத்தியதற்கு அவர் கொடுத்த சமாதானம் அது. அதைக் களத்தில் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன். பெண்கள் வாயை மூடிக்கொண்டு கையை ஓட்டினார்கள். மூன்று நாள் வேலை இரண்டே நாளில் முடிந்தது. அய்யா அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"வாசி, வேணாங்கல. ஆனா இதால ஊருக்குள்ள ஒரு பேச்சு வந்துச்சுன்னா அம்புட்டுப் பொஸ்தகமும் அடுப்புக்குப் போயிரும், பாத்துக்க."

அய்யா சொன்னால் செய்கிற ஆள். பள்ளிக்கூடம் நின்ற பிறகு எனக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான். அதுவும் போனால் சோடை வத்தலுக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்காது என்று பயந்து கிடந்தேன்.

கதை இதுதான். பனங்காட்டுக்கு நடுவே ஒரு ஜமீன் மாளிகை. பாதி இடிந்து வௌவால் அடைந்து கிடக்கிறது. மூத்த ஜமீன்தார் ஏற்கெனவே இரண்டு பேரை வெட்டிப் புதைத்தவர். அந்த வீட்டுக்குச் சின்ன மருமகளாக ஏழைப் பெண் ஒருத்தி வருகிறாள். நெல் கொட்டி வைக்கும் அறைச் சுவருக்குள்ளிருந்து பிராண்டுகிற சத்தம் அவளுக்கு மட்டும் கேட்கிறது. இதை நான் வாசிக்கும்போது அத்தனை கையும் வத்தலின் மேல் அப்படியே நிற்கும். "அடியாத்தி!" என்று ஒருத்தி நெஞ்சில் கை வைப்பாள். அடுத்த நிமிஷமே எழுதியவருக்குத் திட்டு விழும்.

"ஏத்தா, இவன் டவுனுக்காரன்ல? சித்திரை மாசக் கரிசல்ல ஒத்த ஆளு குழி தோண்டுறானாம்ல குழி! கடப்பாரை போட்டாலும் எறங்காது."

"எதுக்குத் தோண்டணுங்கிறேன்? வெடிப்புக்குள்ள தள்ளுனா அவன் பாட்டுக்குப் போயிருவான்."

இப்படி ஒரு பிணத்தை எங்கே எப்படி மறைப்பது என்று அந்தப் பெண்கள் பேசினால் ஜமீன்தாரே பயந்துபோவார். அவ்வளவு சந்தோஷமாக நான் சிரித்ததில்லை.

எங்கள் ஊரிலும் வெட்டு குத்து இல்லாமலில்லை. ஆனால் அதை யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். ஒரு பெண் திடீரென்று செத்தால் "வயித்துவலி தாங்கல" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எத்தனை பேருக்கு அந்த வயித்துவலி வந்ததோ! கதையில் மட்டும்தான் கொலையைக் கொலை என்று எழுதியிருந்தது. அதற்காகவே அந்தப் பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பயப்படுவது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஒரு சந்தை நாள் காலை. அய்யா கமுதிக்குப் போயிருந்தார். அம்மா பத்து நாள் காய்ச்சலில் வீட்டுக்குள் படுத்திருந்தாள். களம் வீட்டை ஒட்டித்தான். அன்றைய தவணையில் அந்தச் சின்ன மருமகளை உயிரோடு சுவருக்குள் வைத்து அடைத்துவிட்டார்கள். கடைசிச் செங்கல் வைக்கிற இடத்தை நான் கொஞ்சம் இழுத்தே வாசித்தேன், பெருமைதான், வேறென்ன!

வாசித்து முடித்ததும் எங்கள் சின்னம்மா ஒப்பாரி எடுத்தாள். அய்யாவின் பங்காளி முறைத் தம்பி பெண்டாட்டி அவள். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேச மாட்டாள். முதலில் எல்லாரும் வேடிக்கை என்றுதான் சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. மற்றவர்கள் நகர்ந்து வந்து, சாவு வீட்டில் செய்வதுபோலத் தோளில் கைபோட்டு வட்டம் கட்டினார்கள். வத்தல் கையால் கண்ணைத் துடைத்தால் என்ன ஆகும்? எட்டுப் பேருக்கும் தாரை தாரையாக ஊற்றியது. எரிச்சலில் சத்தம் இன்னும் கூடியது. எனக்கு ஒன்றுதான் உறுத்தியது. கதைப் பெண் செத்தது சுவருக்குள். சின்னம்மாவோ கிணற்றையும், ஈரத் தலையையும், கல்லில் உடைந்த வளையலையும் சொல்லி அழுதாள். சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, முடிந்ததும் திருத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு முட்டாள் நான்!

அந்த நேரம் பார்த்து, திருப்பாலைக்குடிக் கருவாட்டைக் கூடையில் கட்டி ஊர் ஊராக விற்கிற சைக்கிள்காரர் தெருவுக்குள் வந்திருக்கிறார். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அவருக்குத் தெரியும். சாவு வீட்டு வாசலில் கருவாடு விற்கலாமா என்று மரியாதையாகத் திரும்பியவர், நேரே அம்மாவின் பிறந்த ஊருக்குப் போய்ச் சேதியைச் சொல்லிவிட்டார். அது இரண்டு மைல்தான்.

வெயில் ஏறுவதற்குள் மாமன் பெண்டாட்டி, எங்கள் அத்தை, பத்துப் பெண்களோடு வந்துவிட்டாள். தலையை விரித்துப் போட்டு, ஊர் எல்லையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். செத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போர்த்துகிற கோடிச் சேலை அத்தையின் தோளில் கிடந்தது. சத்தம் கேட்டு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"யாரு மதினி செத்தது?"

அத்தை "ஆத்தி!" என்று அலறி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அம்மா அந்தச் சேலையை ஏற இறங்கப் பார்த்தாள். காய்ச்சல்காரிக்கு எங்கிருந்துதான் அந்த வாய் வந்ததோ!

"நான் செத்தாத்தான் எங்க அண்ணன் வீட்டுல சேலை எடுப்பீகளாக்கும்? அதுவும் இந்தக் கலரா?"

இருபது பெண்கள் அழுத கண்ணோடு சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அய்யா வரும்வரை.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே யாரோ அவரிடம் துக்கம் கேட்டிருக்கிறார்கள். செருப்பை எங்கோ விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடி வந்தார். அம்மா நிற்பதைப் பார்த்ததும் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு கோபம் வந்தது. என்ன நடந்தது என்று கேட்டு முடித்துவிட்டு, கொட்டகைக்குள் போய் என் புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வெந்நி அடுப்பைப் பத்த வைடி."

"அய்யா, நான் இல்லய்யா..." என்றேன். இன்னும் பாதிக் கதை இருந்தது. எல்லாம் முடிந்தது என்று நின்றேன்.

சின்னம்மா களத்திலிருந்து எழுந்து வந்தாள். அய்யா முன்னால் அவள் அதுவரை நிமிர்ந்து நின்றதே இல்லை.

"பிள்ளைய வையாதீக மச்சான். நாந்தான் அழுதேன். பொஸ்தகத்துக்கு அழுகல. எங்க அக்காவுக்கு அழுதேன்."

அவளுடைய அக்காவும் எங்கள் ஊரில்தான் வாழ்க்கைப்பட்டவளாம். நான் பிறக்கும் முன்னே, கல்யாணமாகி ஒரு வருடத்தில் கிணற்றில் கிடந்தாளாம். நெற்றியில் வெட்டுக்காயம் இருந்ததாம். வயித்துவலி என்று சொல்லி அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். புருஷன் கண்டிச்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன் திரும்பவே இல்லை.

"சத்தம் கேட்டா போலீசு வரும்னு என் வாயைப் பொத்துனாக. கோடி போடல, கொட்டு அடிக்கல. தூக்கிட்டுப் போன நாலு பேருல நீங்களும் ஒரு ஆளுதான மச்சான்? இருவது வருசமா நெஞ்சுக்குள்ளயே கெடந்துச்சு. இன்னைக்கு வந்துருச்சு. நான் என்ன செய்ய?"

அய்யா புத்தகக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

அத்தைக்கு வேறொரு சங்கடம். எடுத்த கோடியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, உயிரோடு இருப்பவளும் கட்டக் கூடாது. மடியில் வைத்துக்கொண்டு விழித்தாள். அம்மாதான் சொன்னாள்.

"எனக்கு இப்ப வேணாம் மதினி. அவளுக்குப் போடுங்க. அவளுக்கு யாரும் போடலயில்ல."

அய்யா புத்தகக் கட்டை என் கையில் கொடுத்தார். அத்தையிடமிருந்து சேலையை வாங்கிச் சின்னம்மாவிடம் நீட்டினார். "வா" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். தூர்ந்துபோன அந்தக் கிணற்று மேட்டில் சேலையை விரித்தோம். எங்கள் ஊரும் அத்தை ஊரும் சேர்ந்து வட்டம் கட்டி, ஊருக்கே கேட்கும்படி அழுதார்கள். யாரும் யார் வாயையும் பொத்தவில்லை. சாயங்காலம் எல்லாரும் குளித்துவிட்டு எங்கள் வீட்டில் ரசமும் சோறும் சாப்பிட்டார்கள். சின்னம்மா இரண்டு தடவை சோறு வாங்கினாள். அவள் முகம் தெளிந்திருந்தது. எனக்கு வயிறும் மனசும் நிறைந்துவிட்டது.

அடுத்த சந்தைக்குப் போகும் அய்யாவிடம் புத்தகம் கேட்க எனக்குத் தைரியமில்லை. அவர் திரும்பி வந்ததும் துண்டிலிருந்து எடுத்து என் மடியில் போட்டார். போட்டுவிட்டுப் போகவில்லை. கொட்டகைக்குள் சின்னம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு கை வத்தலை அள்ளிச் சோடை பொறுக்க ஆரம்பித்தார். ஆம்பளை வந்து உட்காரவும் பெண்கள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார்கள்.

"கொன்னவன் மாட்டுனானா?" என்று தலையைத் தூக்காமல் கேட்டார்.

"இன்னும் இல்லய்யா."

"மாட்டுற வரைக்கும் வாசி" என்றார்.