தீபாவளிக்கு மறுநாள் கம்ப்யூட்டர்

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைப்பது எங்கள் பிழைப்பு. வீட்டின் முன்னறைதான் கடை. கம்ப்யூட்டரில் வேலை செய்வது நான். ஆர்டர் பிடிப்பதும் அபிப்பிராயம் சொல்வதும் என் வீட்டுக்காரர்.

எங்கள் கம்ப்யூட்டரை ஒரு லேபிளைத் திறக்கச் சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் போய்ச் சின்ன வெங்காயம் உரித்துவிட்டு வரலாம். நிறத்தை மாற்றச் சொன்னால் குழம்பே கொதித்துவிடும். புதுசு வாங்கலாம் என்று சித்திரையிலேயே சொன்னேன். அடுத்த மாசம் புது மாடல் வருதாம், பொறு என்றார். அது வந்தது. அதைவிடப் புதுசு வரப்போவதாக யாரோ சொன்னார்களாம். பிறகு ஆடி வந்தது, ஆடியில் வாங்கக் கூடாதாம். ஆவணியில் நான் கத்திய பிறகுதான் மனதில் இருந்ததைச் சொன்னார்.

"தீபாவளி முடியட்டும். மறுநாள் பாதி விலைக்குத் தள்ளிவிடுவாங்க."

"அது பட்டாசுக்குங்க."

"யாவாரம்னா எல்லாம் ஒண்ணுதான்."

தீபாவளிக்கு மறுநாள் பட்டாசு விலை கவிழ்வதைப் பார்த்தே வளர்ந்த மனுஷர். அவரிடம் என்ன பேசுவது? ஆயுத பூஜைக்கு அந்தக் கிழட்டுப் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலையும் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்களுக்கு நிலையாக ஆர்டர் தருபவர், ஆமத்தூர்ப் பக்கம் பட்டாசுக் கம்பெனி நடத்தும் அண்ணாச்சி ஒருவர்தான். ஒருநாள் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் மயில் லேபிள் திரையில் மெல்ல மெல்ல வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலை வந்துருச்சு. வால் எப்பம்மா வரும்?"

வால் வரவில்லை. கம்ப்யூட்டர் நின்றுவிட்டது.

"தீபாவளி கழிச்சுப் புதுச் சீசனுக்கு வாரேன். அப்பவும் இப்படின்னா வேற ஆளத்தான் பாக்கணும்" என்று எழுந்து போனார். பயந்துவிட்டேன். அவர் போய்விட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

தீபாவளிக்கு மறுநாள் காலையிலேயே இருவரும் விருதுநகருக்குப் போனோம். கம்ப்யூட்டர் கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு என் வீட்டுக்காரருக்கு வாய் திறந்தபடி நின்றது.

"மெமரி விலை ஏறிக்கிட்டே போகுதுண்ணே. முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?"

"தீபாவளி முடிஞ்சிருச்சேய்யா! நமுத்துப் போறதுக்குள்ள தள்ளிவிட வேண்டாமா?"

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கம்ப்யூட்டர் நமுக்காதுண்ணே."

"வா, பொங்கல் கழிச்சுப் பாத்துக்கிடலாம்" என்று இவர் படியிறங்கினார். நான் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க போங்க. நான் இதோடதான் வருவேன்."

அதோடுதான் வந்தேன்.

அடுத்த வாரம் அண்ணாச்சி வந்தார். அவர் உட்காருவதற்குள் மயில் வாலோடு வந்து நின்றது. இந்தச் சீசன் முழுக்க உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மதியம் என் வீட்டுக்காரர் அடுப்படியை எட்டிப் பார்த்தார்.

"இன்னும் குழம்பு வைக்கலையா?"

"சொன்னதும் திறந்துருதுங்க. எந்திரிக்க எங்கன நேரம் இருக்கு?"

திரையைப் பார்த்தார், வெங்காயக் கூடையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் தரையில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார்.

"பழசே நல்லாத்தான் இருந்துச்சு" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.