முக்கொம்பில் வெள்ளைச்சாமி போட்ட அடி

வெள்ளைச்சாமிக்கு வாய்க்கு முன்னால் கை பேசிவிடும். திருச்சி காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிற ஆள். அவன் யாரையெல்லாம் அடித்தான் என்று கேட்பதைவிட யாரை விட்டுவைத்தான் என்று கேட்பது சுலபம். ஒரு வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில், ஸ்ரீரங்கம் பாலத்தின்மேல், ஒரு குதிரைவண்டிக்காரரைக் கீழே இழுத்துப் போட்டு மிதித்தான். குதிரையின் வால் இவன் முகத்தில் பட்டுவிட்டதாம். குதிரையை அடிக்க முடியாது, வண்டிக்காரர் அகப்பட்டார். வீட்டில் பெண்டாட்டி இருளாயிக்கு ஒரு காது கேட்காது. குழம்பில் உப்பு கூடிப்போன ஒரு நாளில் விழுந்த அறை அது.

பிறக்கும்போதே யாரும் இப்படிப் பிறப்பதில்லை. முசிறிப் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் ஏழு வயதில் அவனை மாடு மேய்க்க விட்டார்கள். அந்த வீட்டில் பண்ணையாள்களுக்கு எதைக் கொடுத்தாலும் இடது கையால்தான் கொடுப்பார்கள். கூழும் இடது கை, கூலியும் இடது கை, தீபாவளித் துண்டும் இடது கை. பதினான்கு வயதில் ஒரு நாள் நீட்டிய அந்தக் கையைப் பிடித்து முறுக்கினான். மணிக்கட்டு முறிந்தது. அப்படியே காவிரியில் இறங்கிக் குளித்தலைக்கு நீந்தி, டிக்கெட் இல்லாமல் ரயிலேறித் திருச்சிக்கு வந்து சேர்ந்தான். அந்த ஒரு அடிக்காக அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அதற்குப் பிறகு அடித்ததெல்லாம் அநியாயம்.

மகன் மருதைக்கு எட்டு வயதானபோது, ஐம்பத்தேழாம் வருஷம் என்று நினைவு, பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனின் காதைச் சிலேட்டால் கிழித்துவிட்டான். இருளாயி தலையில் அடித்துக்கொண்டாள். வீட்டில் ஒருத்தர் போதாதா? பாலக்கரைக் குழாயடியில் அழுதுகொண்டிருந்தவளிடம் ஒருத்தி லூர்துவைப் பற்றிச் சொன்னாள். லூர்து பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சனிக்கிழமை சாயங்காலங்களில் சின்னப் பையன்களைச் சேர்த்து ஸ்கவுட் நடத்துகிறவர். இருளாயி மகனை இழுத்துக்கொண்டு நேரே அவரிடம் போய் நின்றாள்.

"சார், இவன் படிக்காட்டியும் பரவாயில்லைங்க. இவங்க அப்பா மாதிரி மட்டும் ஆயிடக் கூடாது. அது ஒண்ணு போதும் எனக்கு."

லூர்து ஒரே ஒரு நிபந்தனை போட்டார். யாரையாவது அடித்தால் அன்றைக்கே வெளியே.

மூன்று மாதம் மருதை யாரையும் தொடவில்லை. முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டான். தினம் ஒரு நல்ல காரியம் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததால், பக்கத்து வீட்டுக் கமருன்னிசா அம்மாவுக்குக் காலையில் இரண்டு குடம் தண்ணீர் தூக்கிப் போய் ஊற்றினான். இருளாயிக்கு இதெல்லாம் நம்பவே முடியவில்லை. கண் பட்டுவிடுமோ என்று வெளியில் சொல்லவும் பயந்தாள். வெள்ளைச்சாமி எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் அப்பனும் மகனும் பேசுவது "தண்ணி கொண்டா" என்பதோடு சரி.

பையன்கள் உறுதிமொழி எடுக்கும் நாளை லூர்து காவிரி அணைக்கட்டுப் பக்கம், முக்கொம்பில் வைத்திருந்தார். குடும்பத்தோடு வர வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. வெள்ளைச்சாமி வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். மரத்தடியில் புளியோதரை மூட்டைகளும் பெண்களும், வெயிலில் காக்கி டிராயர் போட்ட பையன்கள், சுற்றிலும் அவர்களுடைய அப்பாக்கள். மருதை நடுவில் வந்து நின்று, ஓர் எழுத்துத் தவறாமல் உறுதிமொழி சொன்னான். லூர்து அவன் கழுத்தில் மஞ்சள் துணியைக் கட்டிவிட்டு, இடது கையை நீட்டிக் கை குலுக்கினார்.

ஸ்கவுட்டில் இடது கையால்தான் கை குலுக்குவார்கள். அது அவர்களுடைய மரியாதை. மற்றப் பையன்கள் வீட்டில் சொல்லியிருந்தார்கள். இதென்னடா கூத்து என்று அப்பாக்களும் சிரித்து வைத்திருந்தார்கள். மருதை மட்டும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வான்? வெள்ளைச்சாமியோ மகன் கழுத்திலிருந்த துணியையே பார்த்து நெஞ்சு நிறைந்து நின்றான். எந்தக் கை என்று கவனிக்கவில்லை.

லூர்து நேரே அவனிடம் வந்தார். நல்ல பையன் என்று பாராட்டினார். ஐம்பது பேருக்கு முன்னால் இடது கையை நீட்டினார்.

முதல் குத்தில் லூர்துவுக்கு முன்பல் இரண்டும் போயின. இரண்டாவதில் மூக்கு உடைந்தது. கீழே விழுந்தவரின் வயிற்றில் மிதித்தான். "யாருக்குடா இடது கைய நீட்டுற? யாருக்குடா?" என்று கேட்டுக் கேட்டு மிதித்தான். லூர்து ஒரு கையைக்கூட ஓங்கவில்லை.

அப்புறம் அப்பாக்கள் பாய்ந்தார்கள். பையன்களின் ஸ்கவுட் கம்புகளைப் பிடுங்கி விளாசினார்கள். வெள்ளைச்சாமி இரண்டு பேரைச் சாய்த்தான். மூன்றாவது ஆளான அழகர்சாமியின் கம்பு விலாவில் இறங்கியதும் மூச்சு நின்றுபோய் மண்ணில் விழுந்தான். விழுந்த பிறகும் அவர்கள் விடவில்லை. அடிவாங்கிக்கொண்டே கிடந்தவனின் காதில் வேறொரு சத்தம் விழுந்தது. குழந்தை அலறுகிற சத்தம்.

மருதை ஒரு கம்பை எடுத்திருந்தான். அழகர்சாமியை எட்ட முடியாமல், அழுதுகொண்டு நின்ற அவருடைய மகன் காத்தமுத்துவின் தலையில் போட்டிருந்தான். ஏழு வயசுப் பையன். மண்டை பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. மருதை மறுபடியும் ஓங்கினான். வெள்ளைச்சாமி கால்களுக்கு நடுவே தவழ்ந்து போய் காத்தமுத்துவின்மேல் கவிழ்ந்துகொண்டான். அந்த அடி அவன் முதுகில் விழுந்தது.

"அடிக்காதடா."

வாழ்க்கையில் யாரிடமும் அவன் சொல்லாத வார்த்தை அது. குழந்தையின் ரத்தத்தைப் பார்த்து எல்லோரும் கம்பைக் கீழே போட்டார்கள்.

லூர்து தன் வாயிலிருந்து ரத்தம் கொட்டக் கொட்ட முதலில் காத்தமுத்துவின் தலையைக் கட்டி, அழகர்சாமியோடு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிறகு மருதையின் கழுத்துத் துணியை அவிழ்த்தார்.

"என்னை அடிச்சதுக்கு இல்லம்மா. அந்தக் குழந்தைய அடிச்சதுக்கு. சொன்னா சொன்னதுதான்."

இருளாயி அவரைக் கும்பிட்டுவிட்டுப் புளியோதரை மூட்டையை எடுத்துக்கொண்டு நடந்தாள். திருச்சிக்குத் திரும்புகிற பஸ்ஸில் பெண்கள் ஸீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள். திரும்பிப் பார்க்கவேயில்லை.

வெள்ளைச்சாமி விலாவைப் பிடித்தபடி பின்னால் உட்கார்ந்தான். ஒரு கண் மூடிவிட்டது. மருதை அவனை ஒட்டி உட்கார்ந்தான். இத்தனை வருஷத்தில் அப்படி ஒட்டி உட்கார்ந்ததே இல்லை. அவன் முகம் மலர்ந்து கிடந்தது.

"அப்பா, நானும் ஒண்ணு போட்டேன், பாத்தீங்களா?"

வெள்ளைச்சாமியின் கை தானாக மேலே போனது. மருதை பழக்கப்படி தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டான். அடி விழவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்து அப்பனைப் பார்த்தான்.

"ஏம்ப்பா, நான் நல்லா அடிக்கலையா?"

வெள்ளைச்சாமி பஸ்ஸென்றும் பாராமல் வாய்விட்டு அழுதான்.