கல்லறையில் ஒரு ஆள் இடம்

அயர்லாந்தில், மேயோ மாவட்டத்தின் மேற்குக் கரையில், கடல் காற்றுக்கு மரமே நிற்காத எங்கள் ஊரில், கோல்மன் காஹன் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சொத்து ஒன்றே ஒன்றுதான்: குடும்பக் கல்லறை. அப்பா அம்மாவுக்கு மேல் இன்னும் ஒரு சவப்பெட்டி வைக்கலாம். கல்யாணம் ஆகாத மனிதர். அந்த இடம் தனக்கு என்று என்றைக்கோ முடிவு செய்துவிட்டார். கூட இருக்கும் விதவைத் தங்கை அட்ராக்டாவுக்குப் புருஷன் பக்கத்தில் இடம் உண்டு.

ஜூலையில் கல்லறை மந்திரிக்கும் ஞாயிறு வரும். அவரவர் கல்லறைப் பக்கம் அவரவர் குடும்பம் நிற்க, ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போவார். யார் கல்லறையில் புல் மண்டியிருக்கிறது என்று ஊரே பார்க்கும். கோல்மன் முட்டி வலியோடு முன்கூட்டியே களை பிடுங்கி, வெள்ளைக் கூழாங்கல் பரப்பிவைப்பார்.

அப்படி அவர் பரப்பிவைத்த ஒரு வருடம்தான் அமெரிக்காவின் கிளீவ்லாந்திலிருந்து வாரன் வந்து இறங்கினார். கோல்மனுடைய பாட்டனின் அண்ணன் வழிப் பேரன். வேர் தேடி வந்தாராம். அட்ராக்டா நல்ல அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தாள். அவருக்கு சால்மன் மீன், அண்ணனுக்கு வழக்கமான உருளைக்கிழங்கு. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான்.

ஞாயிறன்று வாரன் கல்லறையில் விழுந்து தேம்பித் தேம்பி அழுதார். ஃபாதர் ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொல்லி வரவேற்றார். ஊரே வரிசையில் வந்து கைகுலுக்கியது. களை பிடுங்கியவனை ஒரு நாதியும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் தேநீர் ஊற்றிக்கொண்டே அட்ராக்டா மெதுவாக ஆரம்பித்தாள்.

"அண்ணா, வாரனுக்கு இங்கயே அடங்கணும்னு ஆசையாம். உனக்கு ரோட்டோரத்துப் புது இடுகாட்டுல எடம் கிடைக்குமில்ல?"

"இருக்க எடம் குடுத்தா படுக்கப் பாய் கேட்டானாம். இவன் என் பாயையே கேக்கறான்."

"எரிச்சு சாம்பலாத்தான் வருவேன், கோல்மன்," என்றார் வாரன். "சின்னப் பெட்டி. உங்க மேல வச்சா போதும்."

"இப்பவே மேல ஏறி உக்காந்தாச்சு. செத்த பிறகுமா?"

வாரனுக்குச் சூதுவாது தெரியாது. "என் மக டானா வருஷா வருஷம் வந்து பூ வைப்பா. உங்களுக்கு யாரு வருவா?"

தங்கைக்குப் பிறகு அந்தக் கல்லருகே வந்து நிற்க கோல்மனுக்கு ஒருவரும் இல்லை. இவனுக்கு இருக்கிறாள். பொறாமையிலேயே பெரிய பொறாமை அப்போதுதான் அவருக்கு வந்தது.

"சரி," என்றார் கடைசியில். "ஆனா கல்லுல உன் பேருக்கு மேல என் பேரு இருக்கணும்."

வாரன் தலையாட்டினார். கோல்மன் அதை நம்பவில்லை. அமெரிக்காக்காரன் முந்திக்கொண்டு செத்துவைத்தால்? மறுநாளே கல்வெட்டுக்காரரைக் கூட்டிவந்து, பெற்றோர் பெயருக்குக் கீழே தன் பெயரை வெட்டவைத்தார்.

"செத்த தேதி?" என்று கேட்டார் கல்வெட்டுக்காரர்.

"அவசரமில்ல. எடம் விட்டு வை."

ஊர் சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த வருட மந்திரிப்புக்கு வாரன் வரவில்லை. அவருக்கு உடம்பு முடியவில்லை. கோல்மன் பூச்செடிக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பியபோது, கையில் பூங்கொத்தோடு முன்பின் தெரியாத ஒரு பெண் கல்லில் அவர் பெயரைத் தடவியபடி அழுதுகொண்டிருந்தாள்.

"கோல்மன் பெரியப்பா, உங்களப் பாக்கத்தான் வந்தேன். அப்பா எப்பப் பாத்தாலும் உங்க பேச்சுத்தான். நான் வர்ற வரைக்கும் இருந்திருக்கக் கூடாதா?"

கோல்மன் தொப்பியைக் கழற்றினார். அவருக்காக இதுவரை யாரும் அழுததில்லை. காலடிச் சத்தம் கேட்டு அவள் திரும்பினாள்.

"இவர உங்களுக்குத் தெரியுமாங்க? எப்படிப்பட்டவர்?"

"நல்லாத் தெரியும்மா," என்றார். "நல்லவன்தான். கொஞ்சம் வயித்தெரிச்சல் புடிச்சவன்."

அவள் மறுபடி கல் பக்கம் திரும்பி அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை அவர் தொப்பியும் கையுமாக நின்றார்.