அத்தத்துக்குக் கொடுத்த பூ

கரமனையில் எங்கள் வீட்டுக் கொல்லை ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்கும். இரண்டு பலா மரங்களும் ஓர் ஆயினி மரமும் அங்கே வெயிலை விடுவதில்லை. கத்தரியும் வெண்டையும் காய்க்காது. மல்லிகை இலை விடும், அரும்பு கட்டாது. வேறு யாருக்கும் உதவாததால் அந்த இடம் என் அக்காவுக்கு வந்து சேர்ந்தது.

அக்கா சிறு வயதிலேயே கணவரை இழந்து எங்களிடம் வந்தவள். தலை மழித்து நார்மடி உடுத்தியிருப்பாள். அவள் பூ வைத்துக்கொள்ளக் கூடாது. பிறருக்குப் பூ எடுத்துக் கொடுக்கவும் கூடாது. காலையில் யாராவது வெளியே கிளம்பினால் எதிரே வரக் கூடாது. அந்த நேரமெல்லாம் அவள் கொல்லையில் இருப்பாள்.

நான் காட்டிலாகாவில் குமாஸ்தா. வேலையாக வித்துரா மலைப் பக்கம் போகும்போது, ஓடைக்கரையில் மர நிழலில் பூத்திருக்கும் செடிகளை மண்ணோடு பெயர்த்து, ஈரப் பாக்குமட்டையில் சுற்றிக்கொண்டு வருவேன். காட்டுக் காசித்தும்பை, காட்டு இஞ்சி, பாறையில் ஒட்டி வளரும் புளிப்பு இலைச் செடி. ஒருமுறை, பெயர் தெரியாத ஒரு கிழங்கு. பெயர் தெரியாதவற்றுக்கு இலையின் அளவையும் பூத்த மாதத்தையும் டைரியில் குறித்து வைத்தேன்.

"இதெல்லாம் எதுக்கு ஆகும்?" என்று என் மனைவி கேட்டாள். தலைக்கும் ஆகாது, பூஜைக்கும் ஆகாது.

"ஒண்ணுக்கும் ஆகாது. அதனாலேதானே என்கிட்டே இருக்கு" என்றாள் அக்கா.

அவள் ஓசையில்லாமல் வேலை செய்வாள். செம்போத்து அவள் காலடியில் நத்தை பொறுக்கும். கீரி தன் குட்டிகளுடன் அவளுக்கு எதிரிலேயே நடந்து போகும். பலா பழுக்கும் நாட்களில் மரநாய் தின்று போட்ட கொட்டைகளை விடியற்காலையில் அவள் கூட்டி ஒதுக்குவாள். அந்தக் கிழங்கு மட்டும் சில மழைக்காலங்கள் இலை விட்டு வாடிக்கொண்டே இருந்தது. பிறகு ஓர் ஆவணியில் நீண்ட தண்டு எழுந்து, வெள்ளைப் பூக்கள் விரிந்தன.

அந்த ஆவணியில்தான் மதிலுக்கு அப்புறம் ஒரு மலையாளக் குடும்பம் குடிவந்தது. விடாத மழையில் வேலியோரத்துத் தும்பையெல்லாம் அழுகிப் போயிருந்தது. அத்தம் அன்று, வாசலில் பத்து நாள் ஓணப் பூக்களம் இடத் தொடங்கும் நாளில், அந்த வீட்டுப் பெண் பூக்கூடையோடு கொல்லைப் படலைத் திறந்துகொண்டு வந்தாள். அன்று விடுமுறை, நானும் கொல்லையில் இருந்தேன்.

"மாமி, இன்னு அத்தமல்லே. இத்திரி பூவு தருமோ?"

"நான் தரப்படாது. உள்ளே என் தம்பி ஆத்துக்காரி இருக்கா, கூப்பிடறேன்."

"அதெந்தா? நட்டது மாமியல்லே?"

அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்கு ஆத்துக்காரர் இல்லை."

"என்றெ அம்மைக்கும் இல்லல்லோ! ஞங்கடெ வீட்டில் அம்மையாணு ஆத்யத்தெ பூவு இடுன்னது."

கணவனை இழந்த தாய்தான் அவர்கள் வீட்டில் முதல் பூவை வைப்பாளாம். அக்கா என்னைப் பார்த்தாள். நான் பேசுவதற்குள் என் மனைவி நடையில் வந்து நின்றாள்.

"வேண்டாம் அக்கா. நாளைக்கு அவாத்துலே ஒரு ஜுரம் வந்தாலும் பழி உங்க மேலேதான்."

அவள் குரலில் கடுமை இல்லை, பயம்தான் இருந்தது. தெருவில் ஒரு சீமந்தத்தில் தாம்பாளத்தை நகர்த்தி வைத்ததற்காக அக்கா கேட்ட பேச்சு எங்களுக்கு நினைவிருந்தது. பிற்பாடு அந்தச் சீமந்தப் பெண்ணுக்குக் குழந்தை தங்கவில்லை. அதன் பிறகு அக்கா வாசல் பக்கமே வருவதில்லை.

"நீங்களே பறிச்சுக்கோங்கோ" என்று அக்கா ஒதுங்கி நின்றாள்.

அந்தப் பெண் காசித்தும்பையைக் கொய்தாள். பிறகு வெள்ளைப் பூத்தண்டைப் பிடித்து இழுத்தாள். ஈர மண் இளகிக் கிழங்கே வெளியே வந்துவிட்டது.

"ஐயையோ! அப்படி இழுக்கப்படாது!"

அக்கா ஓடிப்போய் மண்டியிட்டாள். கிழங்கை வாங்கிப் புதைத்து, மண்ணை விரல்களால் அமுக்கினாள். பிறகு தண்டின் கீழ்க் கணுவுக்கு மேலே நகத்தை வைத்துக் கிள்ளினாள். "இப்படி, கீழே இலையை விட்டுட்டு" என்று அடுத்த செடிக்குப் போனாள், அதற்கும் அடுத்ததற்கு. கை நிறைந்த பிறகுதான் தான் செய்துகொண்டிருப்பது அவளுக்கு உறைத்தது. பூக்களைக் கீழே வைக்க ஒரு சேம்பிலையைத் தேடினாள். அந்தப் பெண் இரு கைகளையும் நீட்டியபடி நின்றாள். அக்கா சற்றுத் தயங்கி, அந்தக் கைகளிலேயே பூவை வைத்தாள்.

என் மனைவி உள்ளே போய்விட்டாள்.

அக்கா அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. பகல் முழுவதும் அந்தப் பக்கத்துச் சத்தத்துக்குக் காதுகொடுத்தபடி இருந்தாள். பிற்பகலில் என்னைப் போய்ப் பூக்களத்தைப் பார்த்து வரச் சொன்னாள். நான் திரும்பி வந்து வரிசையாகச் சொன்னேன்: வெளிவட்டத்தில் காசித்தும்பை, அதற்குள் காட்டு இஞ்சி.

"அவாத்துலே எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்."

"நடுவிலே எது?"

"வெள்ளை. கொஞ்சம் வாடியிருக்கு."

"அது சாயந்தரம் விரியற பூ" என்றாள் அக்கா. "நாளைக்கு வேண்டிய மொட்டை இப்பவே கிள்ளித் தண்ணீரிலே போட்டு வெக்கணும்."