அப்பா பெயருக்கு முன்னால் எழுதிய சொல்

யுத்தம் முடிந்த மறு வருஷம். நாங்கள் அப்போது மந்தைவெளியில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தோம். அம்மா, அம்மாவின் தம்பியான என் மாமா, நான் என்று மூன்றே பேர். அந்த மூன்று பேருக்கு ஒரு கார் இருந்தது என்றால் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் இருந்தது. அது அப்பாவின் கார்.

அப்பாவுக்கு ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் வேலை. கடைசியாக விடுமுறையில் வந்தபோது, ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு துரையிடம் அந்தச் சின்னக் காரை மலிவாக வாங்கினார். விடுமுறை முடியும்வரை எங்களை அதில் ஏற்றிக்கொண்டு அடையாறு, கடற்கரை என்று சுற்றினார். துறைமுகத்தில் கப்பல் ஏறும்போது அம்மாவிடம், "வண்டியப் பத்திரமா பாத்துக்க. அடுத்த லீவுல இதுலயே வேளாங்கண்ணிக்குப் போயிட்டு வரலாம்" என்றார். அடுத்த லீவு வரவில்லை.

ரங்கூனில் குண்டு விழுந்ததும் நம் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் காட்டு வழியே நடந்து வந்தது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் எலும்பும் தோலுமாக எங்கள் வீட்டைத் தேடி வந்தார். வழியில் ஒரு முகாமில் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டதாகவும், "நீங்க முன்னால போங்க, நான் பின்னாலயே வந்துடறேன்" என்று சொல்லிப் படுத்துவிட்டதாகவும் சொன்னார். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வேறு யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அம்மா அந்த 'பின்னாலயே வந்துடறேன்' என்பதைப் பிடித்துக்கொண்டாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலைக்குப் போய்க் குடும்பத்தை நடத்தினாள். கலர்ப் புடவைதான் கட்டினாள். எங்கள் பங்குச் சாமியார் ஒருமுறை, அவருடைய ஆத்துமாவுக்காக ஒரு பூசை வைக்கலாமே என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். "உயிரோட இருக்கறவருக்கு எதுக்குங்க சாமி?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

எனக்கு அப்போது பதினெட்டு வயசு. டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு. அப்பா இறந்துவிட்டார், இதை ஒப்புக்கொள்ளாமல் அம்மா தன்னையும் ஏமாற்றி எங்களையும் ஏமாற்றுகிறாள் என்று வாய் ஓயாமல் சொல்லுவேன். அம்மா கோபப்பட மாட்டாள். "சரிடி, நீ அப்படியே வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுச் சோறு போடுவாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

யுத்த காலத்தில் பெட்ரோல் எங்கே கிடைத்தது! கார் கொட்டகையில் செங்கல்மேல் நின்றது. சனிக்கிழமை தவறாமல் அம்மா அதைத் துடைப்பாள். ஓடாத வண்டிக்கு வருஷா வருஷம் அப்பா பெயரிலேயே மாமாவை இன்சூரன்ஸும் கட்ட வைத்தாள். யுத்தம் முடிந்து கொஞ்சம் பெட்ரோல் கிடைக்க ஆரம்பித்ததும், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் மாமா அதை வெளியே எடுத்தார்.

அப்படிப் பூசை முடிந்து திரும்பி வரும்போதுதான் கச்சேரி ரோட்டில் அது நடந்தது. எதிரே வந்த ஜட்காவின் குதிரை எதற்கோ மிரண்டு குறுக்கே பாய்ந்தது. மாமா சட்டென்று வண்டியை ஒடிக்க, அது நேரே போய் விளக்குக் கம்பத்தில் மோதியது. யாருக்கும் அடியில்லை. முன் மட்கார்டு நசுங்கி, ஒரு பக்க விளக்கு உடைந்து தொங்கியது. ஜட்காக்காரர் குதிரையைப் பிடித்து நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "இன்னா நைனா, அடி கிடி பட்டுச்சா? குதுர மெரண்டுச்சின்னா நான் இன்னா பண்றது? உசுரு தப்பிச்சீங்களே, அது போதும்" என்றார்.

அம்மா காரைவிட்டு இறங்கி நசுங்கிய இடத்தைக் கையால் தடவிக்கொண்டே நின்றாள். "அவரு வந்து கேட்டா என்னாடா சொல்றது?" என்று மாமாவிடம் கேட்டாள். மாமாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மவுண்ட் ரோடு ஒர்க் ஷாப்பில் விசாரித்தோம். விளக்கும் மட்கார்டும் சீமையிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றேன். அம்மா காதில் வாங்கவே இல்லை. "இத்தன வருஷமா இன்சூரன்ஸ் எதுக்குக் கட்டினோம்? அவங்க சரி பண்ணித் தரட்டும்" என்றாள்.

இன்சூரன்ஸ் கம்பெனி ஏஜெண்ட் ஒரு நாள் மத்தியானம் வந்தார். மயிலாப்பூர்க்காரர், நெற்றியில் நாமம், கையில் தோல் பை. வேலைக்குப் புதியவர், எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. காரைச் சுற்றிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு கூடத்து மேஜையில் காகிதங்களைப் பரப்பி, "சார் ஆத்துல இருக்காரா? ஒரு கையெழுத்துதான். வாங்கிண்டு போயிட்டா சீக்கிரம் முடிஞ்சுடும்" என்றார்.

"அவரு ஊர்ல இல்லீங்க" என்றாள் அம்மா.

"எப்போ வருவார்?"

"வந்துடுவாரு."

மாமா தரையைப் பார்த்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. "அப்பா பர்மாவுலேர்ந்து வரவே இல்ல சார். நாலு வருஷமாச்சு" என்று போட்டு உடைத்தேன்.

ஏஜெண்ட் பேனாவை மூடிவிட்டார். தயங்கித் தயங்கிப் பேசினார். கார் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையெழுத்துப் போட வேண்டும். அது முடியாது என்றால், அவர் காலமாகிவிட்டார் என்று மனைவி எழுதிக் கொடுக்க வேண்டும், கூடவே பங்குச் சாமியாரின் கடிதமும் வேண்டும். இரண்டும் இல்லாமல் கம்பெனி ஒத்துக்கொள்ளாது. "இதுக்காக அவசரப்பட வேண்டாம்மா. க்ளெய்மே பண்ணாம விட்டுடறவாளும் இருக்கா" என்றார்.

மாமா அம்மாவின் காதருகே குனிந்தார். "நானே போட்டுடறேன்க்கா. அத்தான் கையெழுத்து எனக்கு அப்படியே வரும்."

"அவரு கையெழுத்த அவருதாண்டா போடணும்" என்றாள் அம்மா.

பிறகு ஏஜெண்டிடம் அவள் கேட்ட கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது. "நான் அப்படி எழுதிக் குடுத்து, நாளைக்கு அவரு வந்துட்டாருன்னா, வண்டிய மறுபடி எடுத்துக்குவீங்களா?"

அந்த மனிதர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவர் வரட்டும்மா. வந்தா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டா. நான் பொறுப்பு" என்றார்.

அம்மா எங்கள் பக்கம் திரும்பினாள். "அவரு வந்து பாக்கறப்ப வண்டி நல்லா இருக்கணும். செத்துட்டாருன்னு எழுதினாத்தான் சரி பண்ணுவாங்கன்னா எழுதிட்டுப் போறேன். எழுதினா செத்துடுவாரா?" என்று கேட்டு லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். அப்பா திரும்பி வருவதற்காக அப்பா இறந்துவிட்டார் என்று எழுதப்போகிறாள்! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

தமிழிலேயே எழுதலாம் என்றார் ஏஜெண்ட். அம்மாவின் கையெழுத்து அழகாக இருக்கும். விறுவிறுவென்று தேதி போட்டாள், கம்பெனி பெயர் எழுதினாள், கார் நம்பரை எழுதினாள். 'என் கணவர்' என்று எழுதினாள். அங்கே பேனா நின்றது. ஏஜெண்ட் மெதுவாக, "காலஞ்சென்ற, அப்படின்னு போட்டுட்டு அவர் பேரை எழுதுங்கோ" என்றார். அம்மா பேனாவைக் காகிதத்தில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். மை பொட்டாக ஊறியது.

"பாப்பா, நீ எழுதுடி. என் கைக்கு வரல" என்றாள்.

நான் உட்கார்ந்தேன். நான்கு வருஷமாக நான் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு திரிந்த வார்த்தைதானே? பேனாவை வாங்கினேன். துறைமுகத்தில் தொப்பியைக் கழற்றி ஆட்டிய அப்பாவின் முகம் கண்முன்னால் வந்தது. அம்மா விடாமல் காத்துக்கொண்டிருந்த தைரியத்தில்தான் நான் அவ்வளவு சுலபமாக அந்தப் பேச்சைப் பேசினேன் என்று எனக்கு அப்போது புரிந்தது. "வேணாம்மா, விட்டுடலாம். வண்டி இப்படியே இருக்கட்டும்" என்று அழ ஆரம்பித்தேன்.

அம்மா என் தோளில் கை வைத்தாள். சிரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது. "எழுதுடி" என்றாள், ரொம்ப மெதுவாக. "எத்தன நாளைக்கு?"

எழுதினேன். அந்தச் சொல்லை எழுதி, அதன் பக்கத்தில் அப்பாவின் பெயரையும் எழுதினேன். அம்மா கீழே கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, நான்கு வருஷமாக அழாததை எல்லாம் அழுதாள். ஏஜெண்ட் செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வெள்ளைப் புடவையில் பூசைக்குக் கிளம்பினாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. அதை எப்போது வாங்கி வைத்தாள் என்றும் நான் கேட்கவில்லை. கச்சேரி ரோடு வழியாக மூன்று பேரும் நடந்தே போனோம்.

பங்குச் சாமியாரும் கடிதம் கொடுத்தார். கார் திரும்பி வந்தபோது மோதிய அடையாளமே தெரியவில்லை. கொஞ்ச நாளில் கோபாலபுரத்தில் ஒரு டாக்டருக்கு அதை விற்றுவிட்டோம். அப்பா எந்த நாளில், எந்தக் காட்டில் கண்ணை மூடினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் இறந்த நாளை யாராவது கேட்டால், ஒருவருக்கும் அடிபடாத ஒரு சின்ன விபத்துக்காக அம்மா சொல்லி நான் என் கையால் அந்தச் சொல்லை எழுதிய மத்தியானத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.