பத்து ரூபாய் பாட்டில்

போன சந்தை நாளில் ஜமுனாமரத்தூரில் ஒரு பெண்மணியிடம் கெஞ்சினேன் — என் வீட்டுக் காலி பாட்டில்களை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி! மாட்டேன் என்றுவிட்டார்.

சிரிக்காதீர்கள். முழுக்கக் கேளுங்கள்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும்... மனைவி தவறிய பிறகு இந்த மலையில் ஒரு வாடகை வீடு பிடித்துத் தனியாக இருக்கிறேன். சர்க்கரை வியாதி உண்டு. ஆனாலும் தினம் ஒரு கண்ணாடி பாட்டில் மாம்பழ ஜூஸ் உள்ளே போகிறது. வேண்டாம் என்று அதட்டத்தான் வீட்டில் ஆள் இல்லையே!

அந்தக் காலி பாட்டில்களுக்காக வாரம் தவறாமல் ஒருவர் வருவார். பெயர் சின்னப்பொண்ணு. மலைக்குள் இருக்கும் ஒரு சிற்றூர்க்காரர். சந்தையில் சாமை, புளி, தேன் விற்பவர். வாசலில் நின்று, "சார், பாட்டில் கீதா?" என்று குரல் கொடுப்பார். தேன் ஊற்றி விற்க அவருக்கு பாட்டில் வேண்டும்.

பாட்டிலை எடுத்துக் கொடுக்க இரண்டு நிமிடம் போதும். நாங்கள் பேசி முடிக்க அரை மணி நேரம் ஆகும். அவருடைய ஆடுகள், மகளின் நர்சிங் படிப்பு, என் முட்டி வலி... என் வீடு தேடி வந்துகொண்டிருந்த ஒரே மனிதர் அவர்தான்.

அப்புறம்தான் மலையில் காலி பாட்டில்களைத் திரும்ப வாங்கும் திட்டம் வந்தது. ஜூஸ் பாட்டிலோ, டின்னோ — கடையில் ஸ்டிக்கர் ஒட்டி, பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொள்வார்கள். காலியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் நம் கைக்கு வந்துவிடும்.

நல்ல திட்டம். சந்தேகமே இல்லை. மலைப்பாதை வளைவுகளில் உடைந்த கண்ணாடி குறைந்துவிட்டது. ஆடு மேய்ப்பவர்கள் பயமில்லாமல் நடக்கிறார்கள். நானும் கடைக்காரரிடம் ஆகா ஓகோ என்று பாராட்டிவிட்டு வந்தேன்.

சின்னப்பொண்ணு வருவது நின்றுபோனது.

முதல் வாரம், உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். அடுத்த வாரம் வாசலில் சத்தம் கேட்டு ஓடினால்... பக்கத்து வீட்டு மாடு! பாட்டில்களைக் கடையில் கொடுக்க மனம் வரவில்லை. கழுவிக் கழுவிச் சமையலறையில் அடுக்கி வைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேனே — பேச ஆளில்லாமல் ஏங்கிப் போய்விட்டேன்.

கடைசியில் சந்தையில் அவரைப் பிடித்தேன். முன்னால் பிளாஸ்டிக் டப்பாக்களில் தேன்.

"என்னம்மா, வீட்டுப் பக்கமே காணோம்? பாட்டிலெல்லாம் உங்களுக்காக எடுத்து வெச்சிருக்கேன்."

"வேணாம் சார். செங்கத்துல டப்பா வாங்கியாந்துட்டேன்."

"ஏன்? நான் சும்மாதானே தர்றேன்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்போ அது குப்பை சார், கேட்டேன். இப்போ ஒண்ணொண்ணுக்கும் பத்து ரூபா கீதே. வாசல்ல நின்னு பாட்டில் கீதான்னு கேட்டா, காசு கீதான்னு கேக்குற மாதிரி இல்ல?"

"சரி, பாட்டில் வேண்டாம். சும்மா வாங்க."

சிரித்துவிட்டார். "சும்மா இன்னாத்துக்கு சார் வர்றது?"

அதற்குள் தேன் வாங்க யாரோ வந்துவிட்டார்கள். நான் நகர்ந்துகொண்டேன்.

அவர் கேட்டதில் என்ன தப்பு? நாம் மட்டும் யார் வீட்டுக்குச் சும்மா போகிறோம்? கொஞ்சம் கறிவேப்பிலை கேட்டு, ஏணி கேட்டு, பழைய அட்டைப்பெட்டி கேட்டு... எல்லாம் ஒரு சாக்குதான். கேட்கிற பொருளுக்கு விலை இல்லாத வரைக்கும் கூச்சமில்லாமல் கேட்கலாம். விலை ஒட்டியதும் பாட்டில் ஒழுங்காகக் கடைக்குத் திரும்பிவிடுகிறது. அதைக் கேட்டு வந்த ஆள்தான் திரும்புவதில்லை.

மறுநாளே பாட்டில்களைக் கடையில் போட்டுவிட்டேன். இப்போது வீட்டைக் குடைந்துகொண்டிருக்கிறேன். சின்னப்பொண்ணு கூச்சப்படாமல் கேட்டு வாங்கிப் போகிற மாதிரி, யாரும் பத்து பைசாகூடத் தராத பொருள் ஏதாவது இருக்கிறதா என்று...

இதுவரை சிக்கியது ஒன்றுதான் — நான்!