சாமிப் பூவுக்கு வந்த மரை

நோபல் பார்க் புறநகரிலிருந்து டண்டினொங் மலையடிவாரத்துக்கு வீடு மாறிய முதல் குளிர்காலத்திலேயே மரை வரத் தொடங்கியது. இலங்கைக் காடுகளில் இருக்கும் அதே மரைதான், கடமான். யாரோ எப்போதோ இந்த அந்நிய நாட்டுக்குக் கொண்டுவந்து விட்டது, பெருகிவிட்டது.

விடியும் நேரத்தில் குசினி யன்னலால் பார்ப்பேன். கரும்பழுப்பு உடல், கழுத்தில் முரட்டு மயிர், ஒவ்வொரு கொம்பிலும் மூன்று கிளை. தனியேதான் வரும். ஆளைக் கண்டால் உடனே ஓடாது; முன்னங்காலால் நிலத்தை உதைத்து, வாலை உயர்த்தி நிற்கும். கனடாவிலுள்ள தம்பிக்குப் படம் அனுப்பினேன். அங்கே மூஸ் என்ற பெரிய மானுக்குக் கொம்பு விரித்த கைபோலத் தட்டையாம், தாடைக்குக் கீழே தோல் தொங்குமாம், தோளே ஆளுயரமாம்.

"அதுக்குப் பக்கத்தில உங்கட மரை ஆட்டுக்குட்டி, அண்ணை," என்றான்.

அந்த ஆட்டுக்குட்டி மனைவியின் கறிவேப்பிலை மரத்தில் கொம்பைத் தேய்த்தது. சாடியில் வளர்த்து, நிலத்துக்கு மாற்றி, குளிருக்குப் பழைய போர்வை சுற்றிக் காப்பாற்றிய மரம். பட்டை உரிந்து ஒரு பக்கம் மட்டும் ஒடுக்கமாக மிஞ்சியிருந்தது. அதுவும் போனால் மரம் பட்டுவிடும். வலை கட்டினேன், கிழித்தது. வாசனைக்கு வராதென்று சவர்க்காரக் கட்டி தொங்கவிட்டேன், மோந்து பார்த்தது. வேலை முடிந்து வந்து வேலி போட எனக்குத் தெம்பில்லை.

ஒரு ஞாயிறு காலை அது மரத்தடியில் செவ்வந்தி மாலையைத் தின்றுகொண்டு நின்றது. வாடிய சாமிப் பூவையும் படைத்த பழத்தையும் குப்பையில் போடக்கூடாது, கால் மிதிக்காத இடத்தில் போடவேண்டும் என்று சனிக்கிழமைதோறும் அங்கேதான் கொட்டிவந்தோம். விருந்து வைத்ததே நாங்கள்தான்.

தோட்டக் குப்பையும் மிச்சச் சாப்பாடும் போடும் பச்சை பின் தொட்டியில் போடுவோம் என்று மனைவியிடம் சொன்னேன். சாமிக்கு வைத்ததை எச்சிலோடு சேர்ப்பதா என்று கோபித்தாள். வளவின் மறுமூலையில் போட்டுப் பார்த்தோம். அங்கே தின்றுவிட்டு, இங்கே வந்து உரசியது.

அடுத்த சனிக்கிழமை பூத்தட்டோடு மரத்தடியில் நின்றாள். மிஞ்சிய பட்டையை விரலால் தடவினாள்.

"இஞ்சருங்கோ, பச்சை பின்னுக்குள்ள நீங்களே போடுங்கோ. நான் பாக்கேல்லை."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பூவைக் கடதாசிப் பையில் சுற்றி, வெட்டிய புல்லின் மேல் வைத்து, மூடியைச் சத்தமில்லாமல் இறக்கினேன்.

மரை சில நாள் வந்து வெறும் மண்ணை மோந்துவிட்டுப் போனது. பிறகு காணோம். மரத்தில் சின்னதாகத் துளிர் வந்திருக்கிறது. மனைவி இலை பறிக்கிறாள். சனிக்கிழமைகளில் தட்டை என் கையில் தந்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.